ஆஸ்திரியப் படையில் என் தங்கை மாப்பிள்ளை

1849ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஹங்கேரியப் படை, ஆஸ்திரியப் பேரரசின் படையை வரிசையாகப் பல சண்டைகளில் பின்வாங்க வைத்தது. டான்யூப் நதிக்கரையில் முற்றுகையில் சிக்கியிருந்த கொமாரோம் கோட்டையை மீட்டது. தலைநகரையும் பிடித்தது. இவ்வளவையும் செய்து முடிக்க அந்தப் படைக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதைப் பற்றி எழுதி முடிக்க எனக்கு எட்டு வருடம் ஆயிற்று. அவர்களிடம் குதிரைகள் இருந்தன, என்னிடம் கடலூர்–சிதம்பரம் பஸ் இருந்தது என்பதைத் தவிர வேறு சமாதானம் சொல்லத் தெரியவில்லை.

நானாகத் தேடிப்போன போர் இல்லை அது. எனக்குக் கடலூர் முதுநகர். வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் தேவனாம்பட்டினத்தில் இங்கிலீஷ்காரன் கோட்டை இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் வந்து பிடித்ததும் இடித்ததும் எல்லாம் நம் கடற்கரையில் நடந்ததுதான். அதை எடுத்துக்கொள்கிறேன் என்று முனைவர் பட்டத்துக்கான நெறியாளரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தக் கோட்டைமேல ஏற்கெனவே அஞ்சு பேர் ஏறியாச்சும்மா. ஆறாவதா நீ ஏறுனா இடிஞ்சிடும்" என்றார். பிறகு தன் அலமாரியைத் திறந்து ஒரு கனத்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தார். "ஐரோப்பாவுல ஹங்கேரி காலியா இருக்கு. எடுத்துக்க" என்றார். மனைப் பிரிவில் கடைசி மனையைக் காட்டுகிறவர் மாதிரி இருந்தது அவர் குரல். நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது அத்தா, அதாவது என் அப்பா, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல வருடம் மலேசியாவில் துணிக்கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். உலகத்தை அவர் நம் ஆட்கள் கடை வைத்திருக்கும் நாடு, வைக்காத நாடு என்று இரண்டாகத்தான் பிரிப்பார்.

"ஹங்கேரில நம்ம ஆளுங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லத்தா."

"அப்ப அங்க போயி நீ இன்னா பண்ணப்போற?"

"போகலத்தா. இங்க இருந்தே படிக்கப்போறேன்."

அத்தா இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிக்கொண்டார். "போகாமலே படிக்கிறதுன்னா சரி, செய்யி" என்றார். ஒரு பெண் பிள்ளை வெளிநாட்டுப் போருக்குப் போக வேண்டாம், படித்தால் போதும் என்பதில் அவருக்கு நிம்மதிதான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ஆராய்ச்சி முடியட்டும் என்றேன். வந்தவர்கள் எல்லாரும் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெற்று அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரை என் படை கொமாரோம் போய்ச் சேரவில்லை. என்னைவிட ஐந்து வயது இளைய தங்கைக்கு முதலில் கல்யாணம் நடந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. ஆனால் உண்மையிலேயே அந்த வாரம் எனக்கு வேறு கவலை இருந்தது. இசாசெக் என்ற ஊரின் காட்டில், ஒரு ஹங்கேரியத் தளபதி பக்கத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டும் தன் படையோடு நகராமல் ஏன் நின்றான் என்று எனக்குப் புரியவில்லை.

இடையில் சிதம்பரத்துக்கு வெளியே ஒரு சின்ன தனியார் கல்லூரியில் வேலை கிடைத்தது. வரலாற்றுத் துறை என்றால் நானும் இன்னொருவரும். ஐரோப்பிய வரலாறு என் தலையில் விழுந்தது. பாடத்திட்டத்தில் ஹங்கேரிக்கு ஒரு பத்திதான். நான் அதற்கு மூன்று வகுப்பு எடுத்தேன். கரும்பலகையில் டான்யூபையும் டிஸாவையும் வரைந்தால் பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒருநாள் வரைபடத்தை அழித்துவிட்டு வேறு மாதிரி சொன்னேன்.

"எதிரி சிதம்பரத்துல இருக்கான். நாம கடலூர்ல இருக்கோம். எந்த வழியா வருவோம்னு அவன் நெனப்பான்?"

"ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், நேர் ரோடு மேடம்."

"சரி. அந்த ரோட்டுல ஒரு சின்னப் படையை மட்டும் அனுப்பறோம். கொட்டு, கொடி, புழுதி எல்லாம் ஜாஸ்தியா. முழுப் படையும் அங்கதான் வருதுன்னு அவன் நம்பணும். மீதிப் படை?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி. மேற்கால வந்து அடிச்சிடலாம்."

அதேதான். ஹங்கேரியத் தலைமைத் தளபதி செய்ததும் அதேதான். ஹத்வன் என்ற ஊரின் நெடுஞ்சாலையில் ஒரு படைப்பிரிவை நிறுத்தி, மொத்த சேனையும் அங்கேதான் இருக்கிறது என்று காட்டிவிட்டு, மற்ற மூன்று பிரிவுகளையும் தெற்கே சுற்றி அனுப்பினான். அன்று வகுப்பே விழித்துக்கொண்டது. எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமை உள்தேர்வு விடைத்தாள் திருத்தும் வரை இருந்தது. பதினோரு பேர் ஹங்கேரியப் படை சேத்தியாத்தோப்பு வழியாக வந்தது என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி வெள்ளாற்றைக் கடந்ததையும் சேர்த்திருந்தாள். யோசித்துப் பார்த்து அவளுக்கு மட்டும் அரை மதிப்பெண் போட்டேன். ஆற்றைக் கடப்பது முக்கியம் என்பதையாவது புரிந்துகொண்டிருந்தாள்.

பட்டம் வந்த பிறகு ஆய்வேட்டைச் சுருக்கித் தமிழில் ஒரு புத்தகமாகப் போட்டேன். அட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்றார் அச்சகத்துக்காரர். இணையத்தில் கொமாரோம் கோட்டை என்று தேடினேன். நீண்ட மதில், புல் முளைத்த மேடு, பின்னால் டான்யூப். பார்த்த உடனே நெஞ்சு நிறைந்துவிட்டது. எட்டு வருடமாக நான் மீட்கப் போராடிய கோட்டை. அந்தப் படத்தையே போட்டேன்.

புத்தகம் வந்த கொஞ்ச நாளில் தங்கை மாப்பிள்ளை வெளிநாடு கிளம்பினார். டிப்ளமா மெக்கானிக். ஏற்கெனவே துபாயில் இரண்டு முறை வேலை பார்த்தவர். கடலூரில் உட்கார்ந்தால் கை அரிக்கும் என்பார். இந்தத் தடவை வளைகுடா இல்லை என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்களாம். தங்கைதான் என்னிடம் வந்து சொன்னாள்.

"அக்கா, அவுங்க உன் ஊருக்குப் போறாங்க."

"எந்த ஊருக்கு?"

"ஹங்கேரிக்கு. பேட்டரி கம்பெனியாம். பேரு வாயில நுழையல." போனில் இருந்த கடிதத்தைக் காட்டினாள். நான் படித்தேன். கொமாரோம்.

எங்கள் குடும்பத்தில் கொமாரோம் போக ஆசைப்பட்ட ஒரே ஆள் நான். போகிறவரோ பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் இரண்டாவது முறை எழுதித் தேறியவர். அவர் கிளம்புகிற அன்று மதியம் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்கும் கம்பளிக்கும் நடுவில் என் புத்தகத்தை வைத்தேன்.

"மச்சி, இத படிச்சாத்தான் உள்ள வுடுவாங்களா?" என்று கேட்டார். மனைவியின் அக்காவை எங்கள் பக்கத்தில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"படிக்க வேணாம் மாப்புள்ள. அட்டையில இருக்கிற கோட்டை அங்கதான் இருக்கு. ஒரு தடவ போயிப் பாத்துட்டு சொல்லுங்க, போதும்."

"அவ்ளோதானே. இன்ஷா அல்லாஹ் பாத்துர்றேன்."

அவர் போய் இரண்டு மாதம் கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. குளிர், ரொட்டி, ஹாஸ்டலில் கூட இருக்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள், ஹலால் கறிக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதெல்லாம் வந்தது. அவர் பேசுவதைக் கேட்டால் அந்த ஊரில் தொழிற்சாலையும் பஸ் நிறுத்தமும் சூப்பர் மார்க்கெட்டும் மட்டும்தான் இருக்கின்றன. நான் கேட்டால், "இந்த வாரம் ஓவர்டைம் மச்சி" என்பார். நான் என் ராஜதந்திரத்தை எல்லாம் தங்கை மூலமாகப் பயன்படுத்தினேன். அவள் ஒருநாள் வீடியோ அழைப்பில் கத்திவிட்டாள். "எட்டு வருஷமா அவ ஒரு கோட்டைக்கு அழுவுறா. போயி ஒரு போட்டோ எடுக்க முடியாதா உங்களுக்கு?"

அந்த வார ஓய்வு நாளில் அவர் அழைத்தார். எனக்கு நேராக. பக்கத்தில் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு வெள்ளைக்காரர் தொப்பியோடு நின்றார். மாப்பிள்ளையோடு ஒரே ஷிப்டில் வேலை செய்யும் ஹங்கேரியர். இருவரும் பேசிக்கொள்வது பாதி இங்கிலீஷ், பாதி போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு.

"மச்சி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"உங்க புஸ்தகத்த இவருகிட்ட காட்டுனேன். நாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போற வழிலதான் அந்தக் கோட்டை இருக்குது. தெனமும் பாக்குறதுதான். அதுதான் இதுன்னு எனக்குத் தெரியாம போச்சு. ஆனா இவரு அட்டையப் பாத்துட்டு சிரிக்கிறாரு."

"எதுக்கு?"

"இந்தக் கோட்டைய சண்டை முடிஞ்சப்பறம் கட்டுனாங்களாம். அதுவும் ஆஸ்திரியாக்காரன் கட்டுனதாம். வாசல்ல போர்டுல வருஷம் போட்டிருக்குது மச்சி. நானே படிச்சேன்."

கேமரா போர்டுப் பக்கம் திரும்பியது. எழுத்து எனக்குப் புரியவில்லை. எண்கள் புரிந்தன. போர் முடிந்த அடுத்த வருடத்தில் தொடங்கி இருபது வருடம் கட்டியிருக்கிறார்கள். ஹங்கேரியரின் சுதந்திரப் போரைப் பற்றிய என் புத்தகத்தின் அட்டையில், அவர்களை ஜெயித்தவர்கள் இனிமேல் இவர்கள் எழுந்திருக்கவே கூடாது என்று கட்டிய கோட்டையைப் போட்டிருக்கிறேன்.

"அப்ப அந்தக் கோட்டை எங்க?" என்றேன்.

மாப்பிள்ளை போனில் தட்டினார். தொப்பிக்காரர் பதில் சொன்னார். ஆற்றின் அந்தப் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தக் கரையில இருக்குதாம். ஆனா அது இப்ப ஹங்கேரி இல்லியாம். ஸ்லோவாக்கியாவாம்."

இது எனக்குத் தெரியாததல்ல, அதுதான் கொடுமை. என் ஆய்வேட்டின் நான்காவது இயலில் கோட்டை டான்யூபின் வடகரையில், இன்னொரு ஆறு வந்து சேரும் இடத்தில் இருப்பதை நானே எழுதியிருக்கிறேன். எல்லை பிற்பாடு நதியோடு போடப்பட்டதையும் அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறேன். அட்டைப்படத்தில் நதி கோட்டைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். போனைப் பிடித்தபடியே பாலத்தில் நடந்தார். ஆறு பெரியது, சாம்பல் நிறம். பாலத்தின் நடுவில் ஒரு பலகை. அதைத் தாண்டினால் வேறு நாடு. போலீஸும் இல்லை, கயிறும் இல்லை. "நம்ம கன்னியக்கோயில் தாண்டி பாண்டிக்குப் போற மாதிரி இருக்குது மச்சி" என்றார். அந்தப் பக்கம் போய்ப் பழைய கோட்டை வாசலைக் காட்டினார். அன்று அது பூட்டியிருந்தது. எட்டு வருட முற்றுகைக்குப் பிறகு நான் பூட்டிய கதவைப் பார்த்தேன்.

இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை எங்கள் கல்லூரியில் புத்தக அறிமுக விழா.

அழைப்பிதழில் அந்தக் கோட்டை. வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் அந்தக் கோட்டை, நிஜத்தில் பாதி அளவுக்கு. மேடைக்குப் பின்னால் திரையிலும் அதே. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி. புத்தகத்தைப் படிக்க நேரம் கிடைத்திருக்காது, ஆனால் அட்டையை நன்றாகப் பார்த்திருந்தார். எழுந்து நின்று திரையை நோக்கிக் கையை வீசினார்.

"இந்த மதில்களைப் பாருங்கள்! அந்நியன் எத்தனை குண்டு வீசியும் அசையாத மதில்கள்! ஒரு கல்லாவது பெயர்ந்திருக்கிறதா?"

பெயரவில்லைதான். அந்தக் கல்மீது அந்தப் போரில் யாரும் எதையும் வீசவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஏற்புரையில் நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். மைக் முன்னால் போனதும், தினமும் இதே பிள்ளைகளிடம் ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று கேட்கிற வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ஒரு தப்பு நடந்திருக்கு. அட்டையில இருக்கிறது அந்தக் கோட்டை இல்ல. இது போருக்கு அப்புறம், எதிரி கட்டுனது."

துறையின் இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் போர்டைப் பற்றியும், பாலத்தைப் பற்றியும், மாப்பிள்ளை கண்டுபிடித்ததையும் சொன்னேன். சொல்லி முடித்து, இனி என்ன ஆகப்போகிறதோ என்று நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. முன்பைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் எழுந்து வந்து என் கையில் சால்வையைக் கொடுத்து, "கோட்டை எதுவானால் என்னம்மா, வீரம் ஒன்றுதானே" என்றார். பிறகு எல்லாரும் அதே ஃப்ளெக்ஸின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எட்டு வருடத்தில் நான் செய்த மிகப் பெரிய தவறையும், மிகச் சிரமப்பட்டுச் சொன்ன உண்மையையும், ஊர் ஒரே மாதிரிதான் எடுத்துக்கொண்டது. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

ஒரே ஒரு மாணவி மட்டும் உண்மையான கேள்வி கேட்டாள். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தாள். அண்ணாகிராமத்திலிருந்து பஸ் மாறி வருகிற பெண்.

"மேடம், கோட்டைய மீட்டாச்சு. எதிரி ஓடுறான். அப்பறம் ஏன் அவுங்க ஊர் வரைக்கும் துரத்தல? எதுக்குத் திரும்பி வந்தாங்க?"

இந்தக் கேள்வியைத்தான் ஹங்கேரியில் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வியன்னாவுக்குப் போகாமல், படை திரும்பி வந்து தன் தலைநகரான புடாவை முற்றுகையிட்டது. அதைப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் எதிரி மூச்சு விட்டுக்கொண்டான். ரஷ்ய ஜாரை உதவிக்கு அழைத்தான். ஆகஸ்டில் எல்லாம் முடிந்தது. ஹங்கேரியப் படை சரணடைந்தது. குண்டு தீர்ந்திருந்தது, செருப்பு தேய்ந்திருந்தது, வியன்னாவுக்குப் போயிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப எல்லாச் சண்டையிலயும் ஜெயிச்சு, கடைசில தோத்துட்டாங்களா?"

"எல்லாச் சண்டையிலயும்னு சொல்ல முடியாது. ஆனா அந்த ரெண்டு மாசம், ஆமா."

"பாவம்" என்றாள். என் புத்தகத்துக்கு வந்த மதிப்புரைகளில் எனக்குப் பிடித்தது அதுதான். வேறு மதிப்புரை வரவும் இல்லை.

நான் அத்தோடு ஹங்கேரியை விட்டுவிட நினைத்தேன். மாப்பிள்ளைதான் விடவில்லை. என் தவறைக் கண்டுபிடித்ததில் அவருக்கு ருசி தட்டிவிட்டது. ஓய்வு நாட்களில் தொப்பிக்காரரின் காரில் கிளம்பிவிடுவார். வாட்ஸ் என்ற ஊரைப் பார்த்தார், ஹத்வன் போனார். வாரம் ஒரு குரல் பதிவு வரும். நான் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். "மச்சி, நீங்க எழுதுன ஊரு இசாசெக் இல்ல. இஷாசெக். இங்க எஸ் போட்டா ஷ-ன்னு சொல்றாங்க, எஸ்ஸும் இசட்டும் சேந்து வந்தாத்தான் ஸ. நீங்க புஸ்தகம் பூரா தப்பா போட்டிருக்கீங்க." வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் நின்றிருந்தது. எட்டு வருடமாக ஒரு ஊரின் பேரைத் தவறாகச் சொல்லிக்கொண்டே அதன் காட்டில் யார் எந்த மரத்தின் பின்னால் நின்றார்கள் என்று நான் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணி இருக்கும். தங்கை அவருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. திரும்பச் செய்தாள். எடுக்கவில்லை. அவர்கள் மகளுக்கு நாலு வயது. தன் அத்தாவின் போன் மணிக்காக அவளே பேசிப் பதிவு செய்து கொடுத்திருந்தாள். யாராவது அழைத்தால், "அத்தா, போன எடுங்க அத்தா!" என்று கத்தும். ஆறு தடவைக்குப் பிறகு தங்கையின் முகம் மாறியது. தொழிற்சாலையில் ஏதாவது ஆகியிருக்குமோ என்றாள். நான் இல்லை என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவரே அழைத்தார். தங்கை போனைப் பறித்தாள்.

"ஏன் எடுக்கல? எங்க இருந்தீங்க?"

"கோச்சுக்காத. செத்துப்போயிருந்தேன்."

"இன்னா சொல்றீங்க?"

"சண்டைல செத்துட்டேன். செத்தவன் போன் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"அஸ்தஃபிருல்லா! நாக்குல மவுத்துப் பேச்சு எதுக்கு உங்களுக்கு?" என்று கத்தினாள். கத்திவிட்டு அழுதாள். அழுதுகொண்டே திரையைப் பார்த்தவள் நின்றுவிட்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டும், நெஞ்சில் குறுக்காக இரண்டு பட்டைகளும், தலையில் உயரமான தொப்பியுமாக நின்றார். மீசையில் புல் ஒட்டியிருந்தது.

நடந்தது இதுதான். அந்த இஷாசெக்கில் ஏப்ரல்தோறும் பழைய சண்டையை ஆட்கள் சேர்ந்து திடலில் நடித்துக் காட்டுவார்களாம். தொப்பிக்காரர் அதில் பல வருடமாக ஹங்கேரிய வீரன். மாப்பிள்ளையை வேடிக்கை பார்க்கத்தான் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே போனால் எதிர்ப்பக்கம் ஆள் குறைவு. ஹங்கேரிக்காரன் எவனுக்கும் ஆஸ்திரியனாக நிற்க மனசில்லை. "உனக்கு எங்கமேல கோவம் ஒண்ணும் இல்லையே, நீ நில்லு" என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் நின்றுவிட்டார். உடுப்புப் போட்டு, மரத்துப்பாக்கி கொடுத்து, முன்வரிசையில் நிறுத்தினார்கள். கால் மணி நேரத்தில் சாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"விழுந்து கெடக்குறேன். புல்லு பூரா ஈரம். ஜனம் எல்லாம் கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. பீரங்கி வேற வெடிக்குது. அப்பப் பாத்து பையில இருந்து பாப்பா கத்துறா, அத்தா போன எடுங்க அத்தான்னு. ஆறு தடவ! எடுக்கலாம்னு கைய நகத்துனேன். பக்கத்துல செத்துக் கெடந்தவரு கண்ண மூடிக்கினே வேணாம் வேணாம்னு சொல்றாரு."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மகள் போனைப் பிடுங்கி, "அத்தா, நான் கூப்ட்டது கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சுடா. எல்லாருக்கும் கேட்டுச்சு" என்றார் அவர். கோட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குளிர் என்றார்.

பிறகு போனை நான் வாங்கினேன். எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. அந்தக் காட்டுக்குப் பக்கத்தில் இருந்த தளபதி ஏன் உதவிக்கு வரவில்லை என்று அங்கே யாராவது சொன்னார்களா?

"கேட்டேன் மச்சி. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆர்டர் வரலங்கிறாங்க, ஆளு சோம்பேறிங்கிறாங்க. ரெண்டு பேரு அடிச்சுக்கப் போயிட்டாங்க. ஆனா ஒண்ணு, நான் நின்ன எடத்துல இருந்து அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல. மேடு மறைக்குது. பொகை வேற. பத்தடி தள்ளி நம்ம ஆளு ஜெயிக்கிறானா தோக்குறானான்னே தெரியல."

அந்தச் சண்டையைப் பற்றிய என் மூன்றாவது இயல் முப்பத்தேழு பக்கம். அதில் மேடு மறைக்கும் என்று எங்கும் இல்லை.

அந்த வருடக் கடைசியில் விடுமுறையில் ஊருக்கு வந்தார். வகுப்புக்கு வந்து பேசச் சொன்னேன். ஐயோ மச்சி என்று பின்வாங்கினார். தங்கை சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினாள். நான் கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்தேன். அவர் சாக்பீஸை எடுத்து ஆற்றை வரைந்தார். என்னைவிட நன்றாக வரைந்தார். பாலம், இரண்டு கோட்டை, சூப்பர் மார்க்கெட். பத்து நிமிடம் போரைப் பற்றிப் பேசினார். ஒரு பிள்ளைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் வாழ்நாளில் நான் கேட்ட ஹங்கேரிப் பாடங்களில் அதுதான் சிறந்தது. பிறகு கேள்வி நேரம்.

"சார், அங்க போறதுக்கு எந்த ஏஜென்சி?"

"ஐ.டி.ஐ. போதுமா சார், டிப்ளமா வேணுமா?"

"சோறு கெடைக்குமா சார்?"

அண்ணாகிராமத்துப் பெண் மட்டும் கையைத் தூக்கி, "செத்துக் கெடந்தப்ப இன்னா நெனச்சீங்க?" என்றாள்.

மாப்பிள்ளை சாக்பீஸை மேசையில் வைத்தார். "முதுகு சில்லுன்னு இருந்துச்சும்மா. எப்ப எழுந்துக்கணும்னு யாரும் சொல்லித் தரல. சாவுறது மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்க. எல்லாரும் எழுந்துக்கிற வரைக்கும் சும்மா கெடந்தேன்."

அந்த வகுப்பிலிருந்து இரண்டு பேர் இப்போது ஹங்கேரியில் வேலை பார்க்கிறார்கள். ஒருவன் காடாம்புலியூர்ப் பையன். ஐரோப்பிய வரலாற்றில் தேறாதவன். போகும் முன் என்னிடம் வந்து வரைபடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். விற்காத புத்தகங்களில் அட்டைப்படத்துக்குக் கீழே ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறேன். "இது அந்தக் கோட்டை அல்ல" என்று அதில் இருக்கிறது. ஒட்டிய பிறகு விற்பனை கொஞ்சம் கூடியிருக்கிறது.

மாப்பிள்ளை திரும்பிப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் அழைத்தபோது நல்ல செய்தி என்றார். இந்த ஏப்ரலில் அவரை ஹங்கேரியப் பக்கம் சேர்த்துக்கொள்கிறார்களாம். நீல உடுப்பு. சாக வேண்டியதில்லை, கடைசி வரை ஓடலாம்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பக்கமும் கடைசில தோத்தவங்கதானேக்கா?"

ஆமாம் என்றேன். ஆனால் அது ஆகஸ்டில் என்று சொன்னேன். அவள் மகளுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டாள்.